அப்பா தூங்கிக்கொண்டுதான் இருந்தார்

ஆனையூர், மதுரை.

அன்பு மகன் கருத்தக்கண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை முத்துமீனா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சிகளும் தம்பியும் சுகமாக இருக்கிறோம், அப்பாவும் சுகமாக இருக்கிறார். அப்பா சுகம் என்பதை இந்தத் தடவை தனியாக ஒரு வரி எழுதச் சொன்னேன், அதனால் மறுபடியும் எழுதுகிறாள்: அப்பா சுகமாக இருக்கிறார். இப்போதுதான் குடோன் காவலுக்குக் கிளம்பிப் போனார், போகும்போது டிபன் பாக்ஸில் ஊறுகாய் வைக்கவில்லை என்று என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார், தெருமுனை வரைக்கும் திட்டிக்கொண்டே போனார், அவ்வளவு நன்றாக இருக்கிறார். நீயும் அங்கே நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாக்பூரில் வெயில் இங்கே அடிப்பதைவிட மோசம் என்று டிவியில் சொன்னார்கள், முறுக்குச் சட்டிக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், மோர் வாங்கிக் குடி, டீயைக் குறை.

அன்றைக்கு என்னதான் நடந்தது என்று ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் கேட்கிறாய். நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிரித்துவிடுகிறேன், நான் சிரித்தால் ராஜஸ்ரீ சிரிக்கிறாள், உன் தம்பி காளை போனைப் பிடுங்கி அழுகிற மாதிரி நடித்துக் காட்டுகிறான், கடைசியில் உனக்கு ஒன்றும் விளங்காமல் கோபம்தான் வருகிறது. கோபம் நியாயம்தான். அப்பா போய்விட்டார் என்ற செய்தியைக் கேட்டு நீ அழுதுகொண்டே ரயில் நிலையம் வரைக்கும் வந்துவிட்டாய் என்று தெரிந்தபோது எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அதனால் உன் பேயாண்டி மாமா அங்கே வரும்போது சுண்டவற்றலோடும் பருப்புப்பொடியோடும் இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். பொறுமையாகப் படி. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று படிக்காதே.

உனக்கு முதல் கோபம் வந்தது காளை பாத்திரம் விளக்குகிற போட்டோவைப் பார்த்துத்தான். சின்னப்பிள்ளைகளை எதற்கு வேலை வாங்குகிறாய், மீனாதான் வீட்டில் இருக்கிறாளே என்று கேட்டாய். மீனா ஏன் வீட்டில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். நான் குழாயடியில் வழுக்கி விழுந்து காலில் கம்பி வைத்த வருஷம் அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், சமைக்க ஆள் இல்லாமல் படிப்பை நிறுத்தினாள். கால் தேறியதும் நானே திரும்ப அனுப்பினேன், ஒருநாள் போனாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வெட்கப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள், அதோடு சரி. எதிர்வீட்டு விஜயம் டீச்சர்தான் தனித்தேர்வு எழுதலாம் என்று சொல்லிப் புத்தகமும் கொடுத்தார்கள். ஆனால் படிக்க நேரம் வேண்டுமே. ஒருநாள் பாத்திரத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன், செய்யுளை எழுதி ஒட்டியிருக்கிறாள், விளக்கிக்கொண்டே மனப்பாடம் பண்ணுவதற்காம். தண்ணீர் தெறித்துத் தெறித்துக் கடைசி இரண்டு அடி அழிந்துபோயிருந்தது. அந்த இரண்டு அடி பரீட்சையில் வந்தால் என்ன பண்ணுவாள் என்று நினைத்தேன், அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைகளை உட்காரவைத்து வேலையைப் பங்கு போட்டேன். இதை எழுதும்போது மீனா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்று அதட்டிய பிறகு எழுதுகிறாள்.

பங்கு போட்டது சுலபமாக நடக்கவில்லை. முதலில் எல்லாவற்றையும் தப்பாகக் கொடுத்தேன். ஒச்சம்மாவுக்கு ஐந்து வயது, உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று முருங்கைக்கீரை ஆயக் கொடுத்தேன், அவள் ஒவ்வொரு இலைக்கும் ஒரு பெயர் வைத்தாள், பெயர் வைத்த பிறகு அதைக் குழம்பில் போடக் கூடாது என்று அழுதாள், அன்றைக்குக் கீரை கிடையாது. ராஜஸ்ரீக்கு ஒன்பது வயது, கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வா என்றேன், அவள் வழியில் இருக்கிற அத்தனை வீட்டுச் செய்தியையும் விசாரித்துவிட்டு வருவதற்குள் தயிர் புளித்துவிட்டது. காளைக்குப் பதினொன்று, செருப்பை அடுக்கிவை என்றேன், அது பொடிப்பிள்ளை வேலை என்று கோபப்பட்டு ஒரு செருப்பைத் தகரக் கூரைமேல் எறிந்தான், இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பிறகு யோசித்து மாற்றினேன். ஐந்து வயதுக்கு அதிகாரம் பண்ணப் பிடிக்கிறது, அதனால் ஒச்சம்மாவுக்குச் செருப்பு அடுக்குவதும், ராத்திரி வேலை முடித்துவந்து அப்பா தூங்கும்போது யாரும் சத்தம் போடாமல் காவல் இருப்பதும். ராஜஸ்ரீக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது, அவளுக்கு நாற்காலிகளை எடுத்துப் போட்டு வீடு கூட்டுவது, துணி மடிப்பது. காளைக்குத் தன் பலத்தைக் காட்ட வேண்டும், அவனுக்குக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது, வாசல் கழுவுவது, பாத்திரம் விளக்குவது. அடுப்பும் அரிவாள்மனையும் யாருக்கும் கிடையாது, அது என்னோடது. பாத்திரம் விளக்குவது பொம்பளப்பிள்ள வேலைதானே என்று காளை இழுத்தான். உங்க அண்ணன் நாக்பூர்ல தெனமும் எம்புட்டுப் பெரிய எண்ணெய்ச் சட்டி கழுவுறான் தெரியுமாடா என்று கேட்டேன். அதிலிருந்து உன்னைவிடப் பளபளவென்று விளக்கிக் காட்டுகிறேன் என்று நிற்கிறான். அந்தப் போட்டோவே உனக்குப் போட்டிக்கு அனுப்பியதுதான், நீ தெரியாமல் திட்டிவிட்டாய்.

இப்போது பரீட்சை அன்றைக்கு வருகிறேன். முதல் பரீட்சை தமிழ். மையம் பசுமலையில், இங்கிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போய் அங்கே வேறு பஸ் மாறவேண்டும், புதுச் சனத்துக்கு நடுவே இவள் இடிபட்டுப் போகமாட்டாள் என்று நம் தெரு ஆட்டோக்கார ஷாகிரிடம் முதல்நாளே சொல்லிவைத்திருந்தேன். அன்றைக்கு மீனா ஒரு துரும்பைக்கூடத் தொடக் கூடாது, உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டும், வீட்டில் குண்டூசி விழுந்தால்கூடச் சத்தம் கேட்கக் கூடாது என்று உத்தரவு. காளை தானாகவே என் போனைச் சத்தம் வராமல் வைத்துவிட்டான். பிள்ளைகள் விடிவதற்குள் எழுந்துவிட்டார்கள், நான் எழுப்பவே இல்லை. அப்பா வேலை முடித்து வந்து பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல ஹாலில் தலைவரை வெள்ளை வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். அவர் தலைமாட்டுச் சுவரில்தான் நம் பிள்ளையார் படம் இருக்கிறது, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்காக நான் அதற்குக் கீழே விளக்கேற்றிப் பத்தியும் கொளுத்திவைத்தேன். ராஜஸ்ரீ ஹாலைக் கூட்டுவதற்காக நாற்காலி, ஸ்டூல், பெஞ்சு எல்லாவற்றையும் வாசலில் கொண்டுபோய் வரிசையாகப் போட்டாள். காளை வாசலைக் கழுவிவிட்டுத் தண்ணீர்க் குடங்களை நிலைப்படியோரம் வரிசையாக வைத்தான். ஒச்சம்மா சும்மா விடுவாளா, கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய செருப்பு, நீ விட்டுப்போன பூட்ஸ் வரைக்கும் எடுத்துவந்து வாசலில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆகிற மாதிரி அடுக்கிவைத்துவிட்டு, நிலையில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். நான் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

எல்லாரும் எல்லா வேலையும் செய்துவிட்டோம். கோலம் மட்டும் போடவில்லை. கோலம் எப்போதும் மீனா போடுவது, விடியும்போது அது வாசலில் இருக்கும், பால்காரர் வருகிற மாதிரி, வெளிச்சம் வருகிற மாதிரி அது தானாக வருகிறது என்று நாங்கள் இருந்துவிட்டோம். வேலையைப் பங்கு போட்ட அன்றைக்குக்கூட அது ஒரு வேலை என்று என் வாயில் வரவில்லை.

விஜயம் டீச்சர் குளித்து முழுகிப் பூக்கூடையோடு கோயிலுக்குக் கிளம்பி வெளியே வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை, விடிந்து நேரமாகியும் நம் வாசலில் கோலம் இல்லை. வாசல் கழுவிக் கிடக்கிறது, நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கின்றன, அம்பது ஜோடிச் செருப்புக் கிடக்கிறது, உள்ளேயிருந்து பத்திப் புகை வருகிறது, ஒரு சத்தமும் இல்லை. கோயிலுக்குப் போகிற உடம்போடு துக்க வீட்டுப் படி ஏறக் கூடாது என்று தெருவின் அந்தப் பக்கத்திலேயே நின்று ஒச்சம்மாவைக் கேட்டிருக்கிறார்கள், என்ன பாப்பா, அப்பா எங்கே என்று. நம் காவல்காரி எழுந்து நின்று, அப்பா படுத்திருக்காரு, யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டாரு என்று சொல்லியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து நான் தலையை விரித்துப் போட்டபடி கண்ணில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தேன். டீச்சர் நின்று என்னையே பார்த்தார்கள். என் கையெல்லாம் வெங்காயம், வாங்க என்று கும்பிட முடியாமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர்கள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள். பரீட்சை நாளில் இவர்களுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டு நான் சாம்பாரைப் பார்க்கப் போய்விட்டேன்.

டீச்சர் வருஷா வருஷம் எழுமலையிலிருந்து உன் மாமாவிடம்தான் நிலக்கடலை வாங்குவார்கள், நம்பர் இருந்தது, அடித்துச் சொல்லிவிட்டார்கள். மாமா பதறிப்போய் என் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்திருக்கிறான், போன்தான் காளையின் புண்ணியத்தில் ஊமையாகிக் கிடக்கிறதே. எடுக்கவில்லை என்றதும் உறுதியாகிவிட்டது. உனக்குச் சொல்லிவிட்டு, தன் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, வழியில் மாலையும் எனக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். டீச்சர் ஷாகிருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஆட்டோவோடு தெருமுனைவரை வந்து, கோலம் இல்லாத வாசலைப் பார்த்துக் கண்கலங்கி, அண்ணனுக்கு நம்மால் ஆனது என்று ஐஸ் பெட்டி எடுத்துவரப் போய்விட்டான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டோவைக் காணோம் என்பது மட்டும்தான்.

ஆட்டோ வருகிறதா என்று எட்டிப் பார்த்தால் வேன் வந்து நின்றது. உன் அத்தை முதலில் இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என்ன பெத்த மதினி, இப்படி ஆகிப்போச்சே என்று கதறினாள். பின்னாலேயே வேன் நிறையப் பொம்பளைகள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, எழுமலையில் யாரோ போய்விட்டார்கள், எனக்குச் சொல்லிக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது, நானும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவளுக்காக நான் அழ, எனக்காக அவள் அழ, கொஞ்சநேரம் ஆன பிறகு, யாருத்தா போனது என்று அழுகையோடு கேட்டேன். அய்யோ, மதினிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சே என்று அவள் இன்னும் பெரிதாக அழுதாள். அப்போதுதான் ஒச்சம்மா நிலையில் ஏறி நின்று, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஓர் அதட்டுப் போட்டாள்.

"எல்லாரும் வாய மூடுங்க. அப்பா எந்திரிச்சிருவாரு."

தெருவே கப்பென்று ஆகிவிட்டது. அந்த அமைதியில் வெள்ளை வேட்டி அசைந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வாசலில் மாலையோடு நிற்கிற உன் மாமாவைப் பார்த்து, யாருடா செத்தது என்று கேட்டார். கூட்டத்தில் நம் பெரியகருப்பன் வீட்டுக் கிழவி மட்டும், பொய் சொல்லத் தெரியாத ஆள், நீதாம்ப்பா சோணை என்று சொல்லிவிட்டது.

மாமா கையிலிருந்த மாலை நழுவிக் கீழே விழுந்தது. யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியாது, நானாகத்தான் இருக்கும். சிரிக்க ஆரம்பித்தால் நிற்கவில்லை, அழுத கண்ணோடு அத்தனை பேரும் சிரிக்கிறார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள், உட்கார ராஜஸ்ரீ போட்ட நாற்காலி சரியாக இருந்தது. மாமா கோடிப் பொட்டலத்தை மெதுவாக வேன் சீட்டுக்கு அடியில் காலால் தள்ளியதை நான் பார்த்துவிட்டேன், அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டான். எழவு மாலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, திருப்பி எடுத்துப் போகவும் கூடாது, என்ன செய்வது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெரு ஆடு வந்து பாதியைத் தின்றுவிட்டது.

சத்தம் கேட்டு மீனா அறையைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கையில் பேனா, பரீட்சை அட்டை. ஓர் ஆள் வீட்டுக்கு வந்தாலே சமையல்கட்டுக்குள் ஒளிகிற பிள்ளை, வாசல் நிறைந்த கூட்டத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஆட்டோ இல்லை. பஸ் பிடித்துப் போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அவள் அழவில்லை, என்னைப் பார்த்து, அடுத்த வருசம் எழுதிக்கிறேம்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த நான் அவள் பின்னாலேயே ஓடினேன். அடுத்த வருஷம் என்று உள்ளே போகிற பிள்ளை பிறகு வெளியே வராது என்று எனக்குத் தெரியும், ஏற்கெனவே ஒரு மத்தியானம் அப்படித்தானே திரும்பி வந்தாள். நான் கதவைத் தட்டினேன், அப்பா தட்டினார், திறக்கவில்லை. காளை தொட்டியடியிலிருந்து கை நிறையச் சோப்பு நுரையோடு வந்து கதவுக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, அப்ப நாங்க இம்புட்டு நாளு பாத்திரம் வெளக்குனது எதுக்கு?"

உள்ளே தாழ்ப்பாள் நீங்குகிற சத்தம் கேட்டது.

மாமா வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஏறு தாயி, அழுக வந்த சனம் உன்னையக் கொண்டுபோய் விட்டுட்டு வரட்டும் என்றான். இறங்கிய அத்தனை பேரும் திரும்ப ஏறினார்கள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை, வந்ததுக்கு ஒரு நல்ல காரியமாவது ஆகட்டும் என்கிறார்கள். நானும் ஏறினேன். வீட்டை யார் பார்ப்பது என்று அப்போது நான் நினைக்கவே இல்லை. தெருமுனையில் ஒரு குட்டியானை வண்டி எதிரே வந்து வழியை மறித்துக்கொண்டது, மேலே ஐஸ் பெட்டி, பக்கத்தில் சோகமாக ஷாகிர். அப்பா வாசலிலிருந்து கையை ஆட்டி, திருப்பிக் கொண்டு போப்பா, எனக்கு இன்னும் நாள் கெடக்கு என்று கத்தினார். ஷாகிர் குதித்து இறங்கி ஓடிப்போய் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், அவன் அழுததுதான் அன்றைக்கு நிஜமான அழுகை. ஆனால் அவன் அழுது முடித்து வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்கிற வரைக்கும் எங்களுக்கு உயிர் இல்லை.

பசுமலையில் கேட்டை மூடப் போகிற சமயம் போய்ச் சேர்ந்தோம். மீனாவுக்குப் பின்னால் வேன் நிறையப் பேரும் இறங்கி நின்றார்கள், எல்லாருக்கும் முகம் வீங்கி, தலை கலைந்து, கண் சிவந்து கிடக்கிறது. கேட்டில் நின்ற போலீஸ்காரப் பொண்ணுக்கு இதைப் பார்த்து மனசு கரைந்துவிட்டது. மீனாவின் தோளைத் தொட்டு, யாரும்மா தவறிட்டாங்க, இந்த நெலமையிலயும் எழுத வந்திருக்கியே என்று கேட்டது. நம் மீனா ரேஷன் கடையில் தன் பெயரைக் கேட்டால்கூட என் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். அவள் நிமிர்ந்து அந்தப் பொண்ணின் முகத்தைப் பார்த்து, நாங்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"யாரும் தவறல அக்கா. எங்க அப்பா தூங்குறாரு."

சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள், குனிந்து சிரிக்கிறாள், அந்தப் பொண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை ஆனாலும் அதுவும் சிரிக்கிறது, சிரித்துக்கொண்டே உள்ளே போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயந்துகொண்டே போவாள் என்று நான் வாங்கிவைத்திருந்த திருநீறு என் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தால் எனக்கு ஆச்சரியம். பிள்ளைகள் மூன்றும் அவர்களாகவே வீட்டை நடத்தியிருக்கிறார்கள். துக்கம் கேட்டு இன்னும் யார் யாரோ வந்திருக்கிறார்கள், ராஜஸ்ரீ ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து முதலிலிருந்து கதை சொல்லியிருக்கிறாள், அந்த வேலை அவளுக்குச் சொல்லியே கொடுக்க வேண்டாம். ஒச்சம்மா வந்தவர்களின் செருப்பை அடுக்கி, போகும்போது ஜோடி மாறாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அப்பா திரும்பத் தூங்கிவிட்டார், இந்தத் தடவை வேட்டியால் முகத்தை மூடக் கூடாது என்று காளை சொல்லிவிட்டானாம். அந்தக் காளை வாசலில் மண்டியிட்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். இன்னும் யாரும் அழுக வந்துறக் கூடாதுல்லம்மா என்றான். கோலம் என்றால் இந்த வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரைக்கும், ஒரு பக்கம் நட்சத்திரம் மாதிரி, ஒரு பக்கம் கபடித் திடல் மாதிரி, கோலமாவு தீர்ந்து நான் இடியாப்பத்துக்கு வைத்திருந்த மாவையும் கொட்டியிருக்கிறான். விஜயம் டீச்சர் தன் வாசலில் நின்று பார்த்து, கோணலாத்தான் இருக்கு, இருந்தாலும் இருக்கட்டும் என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களுக்காகக் கோயிலுக்குப் போகாமல் அப்பா எழுந்து உட்கார்ந்தது தெரிகிற வரைக்கும் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள்.

நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. மீனா எப்போதும்போல வேலையைப் பார்த்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா, எல்லாம் பொடிப்பிள்ளைகளிடம் வீட்டைக் கொடுத்ததால் வந்தது என்று சொன்னாய். பிள்ளைகள் ஒரு வேலையையும் தப்பாகச் செய்யவில்லை, கண்ணா. அவரவர்க்குக் கொடுத்ததை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள். மீனா செய்கிற வேலையில் ஒன்றே ஒன்று, தினமும் நாங்கள் மிதித்துத் தாண்டிப் போகிற ஒன்று, அது ஒருநாள் இல்லை என்றதும் இந்த வீட்டில் ஆள் செத்துவிட்டதாக ஊரே நினைத்துவிட்டது. அப்படியென்றால் அவள் இத்தனை நாள் எவ்வளவு செய்திருக்கிறாள் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். பாஸாகிவிட்டாள் என்று போனில் சொன்னேன். மார்க்கைச் சொல்கிறேன், எழுதமாட்டேன் என்கிறாள், நீ போனில் அவளிடமே கேள். ஜூன் மாதம் பதினொன்றில் சேர்க்கப் போகிறோம், பகல் பூராவும் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். மிச்சமிருந்த அவள் வேலைகளைப் பிள்ளைகள் அவர்களே உட்கார்ந்து பங்கு போட்டுக்கொண்டார்கள், அப்பாவுக்கும் ஒரு வேலை வந்தது, வெங்காயம் உரிப்பது. நீ சரி என்று சொல்ல வேண்டும் என்று அப்பா காத்திருக்கிறார். நான் காத்திருக்கவில்லை, ஆனாலும் நீ சொன்னால் நன்றாக இருக்கும். கொஞ்சம் இரு, உலை பொங்குகிறது, பார்த்துவிட்டு வருகிறேன்.

அண்ணே, இது நான் மீனா. அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறார்கள். அன்றைக்குப் போனில், அவ என்னதான் சொல்றா என்று நீங்கள் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாய் வரவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போக ஆசையாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உட்காருவேன். உங்கள் பூட்ஸைக் காளை துடைத்து வைத்திருக்கிறான். அம்மா வருகிறார்கள்.

என்ன எழுதினாய் என்று கேட்டேன், ஒன்றும் இல்லை என்கிறாள், காது சிவந்திருக்கிறது, இருக்கட்டும். கண்ணா, இந்த வீட்டில் வயதுக்குத் தக்க வேலை எல்லாருக்கும் உண்டு, தூரத்தில் இருக்கிறவனுக்கும் உண்டு. உனக்கு ஒன்று ஒதுக்கியிருக்கிறோம், பிள்ளைகள்தான் முடிவு பண்ணினார்கள். ஜூன் மாதத்திலிருந்து வாசல் கோலம் காளையோடது. அவன் தானாக எழுந்தது பரீட்சை அன்றைக்கு மட்டும்தான், மற்ற நாளெல்லாம் கும்பகர்ணன், நானும் மீனாவும் எழுப்பி ஓய்ந்துவிட்டோம். நீதான் அங்கே மாவு பிசைய விடிவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறாயே. தினமும் அஞ்சு மணிக்கு அவனுக்குப் போன் அடித்து, எழுந்து உட்கார்ந்து பேசுகிற வரைக்கும் விடாதே. நீ கூப்பிட்டால் எழுந்துவிடுவான், உன்னோடுதானே அவனுக்குப் போட்டி.

நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், எண்ணெய் உன்மேல் தெறிக்காமல் இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒச்சாண்டம்மனை வேண்டிக்கொண்டு நானும் அப்பாவும் உன்னை வாழ்த்துகிறோம். அஞ்சு மணியை மறந்துவிடாதே. நீ கூப்பிடவில்லை என்றால் காளை எழமாட்டான், காளை எழவில்லை என்றால் வாசலில் கோலம் இருக்காது, கோலம் இல்லை என்றால் உன் மாமா மறுபடியும் வேனை எடுத்துவிடுவான், அந்தக் கோடி இன்னும் அவன் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
பேச்சியம்மாள்